மேல்மாடியில் நடப்பது யார்

புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த ரெக்ஸ்டேலில், தன் வீட்டின் நிலக்கீழ்த் தளமான பேஸ்மன்றை அபேனாவுக்கு வாடகைக்குக் கொடுத்தபோது மனோரஞ்சிதம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார்: மேல்மாடிக்கு வரக்கூடாது.

அபேனா கானாவின் ஒரு கிராமத்திலிருந்து வந்தவள். முதியோர் இல்லமொன்றில் வேலை. வந்த நாளிலிருந்து அவள் அடிக்கடி தலைக்கு மேலே முகட்டைப் பார்ப்பது மனோரஞ்சிதத்துக்குப் பிடிக்கவில்லை. வேவு பார்க்கிறாளோ?

மகன் மிதுசன் தூரத்து நகரமான கல்கரியில் வேலை செய்வதாக மனோரஞ்சிதம் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். உண்மையில் அவன் மேலேதான் இருந்தான். யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்று யூனிவர்சிற்றிப் படிப்பை விட்டவன், ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தையும் நிறுத்திவிட்டான். அக்கா லக்ஷிகாவுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மகனின் மனநோயால் 'விசர்க் குடும்பம்' என்ற பெயர் வந்துவிடும் என்று பயந்த தாய், வேலைக்குப் போகும்போது அவனது அறையை வெளிப்பக்கமாகப் பூட்டினார்.

ஒருநாள் அவர் வேலையால் வந்தபோது அபேனா குசினியில் நின்றாள். இருவருக்கும் பொதுவான ஆங்கிலத்தில் கேட்டாள்:

"மேலே யார்?"

"ஒருவரும் இல்லை. அது ஹீற்றர் சத்தம்."

"ஹீற்றர் அழுமா?"

அபேனா தன் அண்ணன் குவாமேயைப் பற்றிச் சொன்னாள். அவனுக்கு மனம் குழம்பியபோது குடும்பத்துக்குச் சாபம் என்றது ஊர். அவளுக்குப் பேசிய மாப்பிள்ளை விலகிப்போனான். தகப்பன் மகனின் காலை மரக்குற்றியில் மாட்டி, வீட்டுக்குப் பின்னால் இருத்தினார். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து அவன் செத்துப்போனான். பிணத்தைத் தொட்டுத் தூக்கக்கூட ஒருவரும் வரவில்லை.

"அப்பா கெட்டவர் இல்லை. ஊருக்குப் பயந்தவர்."

"பொலிசுக்குச் சொல்வாயா?"

"நீங்கள் கதவைத் திறக்காவிட்டால் சொல்வேன்."

மனோரஞ்சிதம் மேலே போய்ப் பூட்டைத் திறந்தார். மிதுசன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"அம்மா, உவ ஆர்? அவங்கள் அனுப்பின ஆளோ?"

பின்னால் ஏறிவந்த அபேனா உள்ளே வராமல் வாசலில் நின்றாள். "நான் கீழே இருக்கிறவள். உன் நடை எனக்குக் கேட்கும்," என்றாள்.

அடுத்த கிழமை தாயும் மகனும் டொக்டரிடம் போனார்கள். ஊசி தொடங்கிச் சில மாதங்களில் மிதுசன் குசினிக்கு வந்து சாப்பிட்டான். அப்போதுதான் மாப்பிள்ளை வீட்டார் பேச்சை நிறுத்தினார்கள். அபேனாதான் மிதுசனைப் பற்றி யாரிடமோ சொல்லியிருக்கிறாள் என்று மனோரஞ்சிதம் முடிவு கட்டி, அவளை வீட்டை விட்டு எழும்பச் சொன்னார்.

அஜின்கோர்ட்டில் தனியாக இருந்த லக்ஷிகா அதைக் கேட்டு ஓடிவந்தாள்.

"நான்தான் அம்மா அவையளுக்குச் சொன்னன். தம்பி இல்லாத மாதிரி நடிச்சு என்னால கல்யாணம் கட்டேலாது."

மனோரஞ்சிதம் கீழே இறங்கிப் போனார். அபேனா உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பிழையாக நினைத்துவிட்டேன். போகவேண்டாம்."

அபேனா அவர் முகத்தையே பார்த்தாள்.

"இன்னொருவர் ஏதும் சொன்னால் மறுபடி என்னைத்தானே சந்தேகிப்பீர்கள்?"

அபேனா குனிந்து அடுத்த சட்டையையும் மடித்துப் பெட்டியில் வைத்தாள்.