நாய்க்குக் கடுக்காய்ச் சாயம்

பெரியம்மை வராமல் தடுக்க அம்மைப்பால் குத்தும் உத்தியோகத்தில் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. தருமபுரி அப்போது சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. சமவெளிக் கிராமங்களை மூத்தவர்கள் எடுத்துக்கொண்டு, வத்தல்மலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். வருஷத்தில் மூன்று நான்கு தடவை மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறுவேன். தூரத்தில் என்னைப் பார்த்ததுமே தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சாமைக் காட்டுக்குள் மறைந்துவிடுவார்கள். நான் போய்ச் சேரும்போது ஊரில் கோழிகள்தான் இருக்கும்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் ஐப்பசியில் போனபோது ஊர் காலியாக இல்லை. மாரியம்மன் கோயில் முன்னால் எல்லாரும் கூடியிருந்தார்கள். நான் வந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. நடுவில் ஒரு பெண் நின்றாள், முப்பது வயது இருக்கும். அவள் காலடியில் ஒரு நாய். அதன் முகம், வயிறு, நாலு பாதம் எல்லாம் வெள்ளை. காதுக்குப் பின்னாலிருந்து வால் வரைக்கும் முதுகு மட்டும் அடுப்புக்கரி போலக் கறுப்பு. பிறவி நிறமில்லை என்று பார்த்ததும் தெரிந்தது. கறுப்பு முடிகிற இடம் கையால் இழுத்த கோடு மாதிரி இருந்தது.

ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் எனக்கு விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெண்ணின் வீடு ஊரின் கடைசியில், காட்டை ஒட்டி. இரண்டு மழைக்காலமாக அவள் வீட்டு நாய்களைச் சிறுத்தை கொண்டுபோய்விட்டது. இரண்டும் வெள்ளை நாய்கள். பக்கத்துக் காட்டுக்காரரின் செவலை நாயை அது தொடவில்லை. மூன்றாவதாக இவள் மகள் தூக்கி வளர்த்த குட்டியும் வெள்ளையாகவே வளர்ந்து நின்றது. உள்ளே கட்டிப்போட்டால் பன்றி வந்து சாமையைத் தின்றுவிடும். வெளியே விட்டால் சிறுத்தை. அவள் யோசித்துப் பார்த்து, நாய்க்குச் சாயம் போட்டுவிட்டாள்.

சாயத்துக்கு அவள் எங்கும் போகவில்லை. மலையில் எல்லாரும் பொறுக்குகிற கடுக்காய்தான். தோலை இடித்து வேகவைத்து, பழைய இரும்பு ஏர்க்கொழுவைப் புளித்த கஞ்சியில் ஊறப்போட்டு எடுத்த துருத்தண்ணீரை அதில் விட்டால் கறுத்துவிடும். முதலில் தன் முன்கையில் பூசிக்கொண்டு ஐந்து நாள் இருந்திருக்கிறாள். அரிப்பு, எரிச்சல் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகே நாயின் மேல் கை வைத்தாள். நாய் நக்கிவிடக் கூடாதென்று சாயம் காய்கிற வரைக்கும் அதன் கழுத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள்.

இதுதான் ஊர்க்கூட்டத்துக்கு வந்திருந்தது. முக்கியமாக எதிர்த்தவர் அவளுடைய மாமனார் முறையுள்ள ஒரு பெரியவர். அவர் கெட்டவர் இல்லை. பதறிப் போயிருந்தார். ஒரு வீட்டில் நாய்க்கு நிறம் மாற்றினால் நாளை மாட்டுக்கும் மாற்றுவார்கள், அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று நிஜமாகவே பயந்தார்.

"சாமி குடுத்த நெறத்த மாத்தறதுக்கு நாம யாரு? அந்த நாயி உன்னக் கேட்டுச்சா?" என்றார்.

அவள் குனிந்து நாயின் தலையைத் தடவிக்கொடுத்தாள். பிறகு, "கேக்கலீங்க மாமா. அதுக்கு வாயில்லீங்க. முன்ன செத்துப்போன ரெண்டுக்கும் வாயில்லீங்க," என்றாள்.

அப்போது அவள் கண் என் மேல் விழுந்தது. "அங்க பாருங்க, அம்ம குத்தறவரு வந்து நிக்கறாரு. எந்தப் புள்ள அவரக் கேட்டுச்சு? உசுரு நிக்கோணும்னுதானே குத்தறாரு," என்றாள்.

மொத்தக் கூட்டமும் திரும்பி என்னைப் பார்த்தது. அதுவரை என் வேலையை அப்படிப் புரிந்துகொண்டு ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. என் மேலதிகாரிகளே அதை ஒரு கணக்காகத்தான் பார்த்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியைக் கீழே வைத்தேன்.

ஊர்க்கவுண்டர் எழுந்து வந்து நாயின் முதுகைத் தடவினார். விரலை முகர்ந்து பார்த்தார். முகத்திலும் பாதத்திலும் ஏன் பூசவில்லை என்று கேட்டார். முகமும் பாதமும் அது நக்குகிற இடம் என்றாள் அவள். பாறை மேல் படுத்திருக்கிற சிறுத்தை மேலேயிருந்துதான் பார்க்கும், அதற்கு முதுகு தெரியாமல் இருந்தால் போதும் என்றும் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே போய் உட்கார்ந்தார். இந்த மழைக்காலம் போகட்டும், நாய்க்கு ஏதாவது தீங்கு தெரிந்தால் அவளே கழுவிவிட வேண்டும் என்பது தீர்ப்பு. பெரியவர் முணுமுணுத்தார். ஆனாலும் கட்டுப்பட்டார்.

கூட்டம் கலைவதற்குள் அவள் தன் மகளை இழுத்துவந்து என் முன்னால் உட்காரவைத்தாள். சபையில் அப்படிப் பேசிவிட்டுச் சும்மா போக அவளுக்கு மனமில்லை போலிருக்கிறது. பெண் அழுதது. அவள் அதன் தோளைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பாமல் பார்த்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள், பிறகு இன்னொருத்தி. அந்த ஊரில் அதுவரை மூன்று பிள்ளைகளுக்கு மேல் நான் ஒரு நாளும் வைத்ததில்லை. அன்று கொண்டுபோன மருந்து முழுக்கத் தீர்ந்தது.

அடுத்த தடவை நான் போனது மாசியில், கடுக்காய் எடுக்கும் சமயத்தில். வனத்தில் கிடைப்பதையெல்லாம் ஏலத்தில் எடுத்திருந்த காண்ட்ராக்டர் தருமபுரியிலிருந்து மலைக்கு வந்திருந்தார். அவரை மீறி யாரும் ஒரு கூடைக் கடுக்காயை வெளியே விற்க முடியாது. அவர் அந்த நாயைப் பார்த்து ரொம்பவும் ரசித்துவிட்டார். அவர் வீட்டில் சடைமுடியுள்ள வெள்ளை நாய் ஒன்று இருந்தது. மகள் கல்யாண ஊர்வலத்தில் அதை நல்ல மஞ்சளும் சிவப்புமாக முன்னால் நடத்திக்கொண்டு போனால் ஊரே வாயைப் பிளக்கும் என்றார். இவளைக் கீழே வந்து பூசித்தரச் சொல்லும்படி என்னிடம் கேட்டார். நானும் போய்ச் சொன்னேன். அவரைப் பகைத்துக்கொண்டால் அவளுக்குக் கஷ்டம் என்று நினைத்தேன். ஆனால் மலையில் இராத் தங்க அவர் கொட்டகையை விட்டால் எனக்கு வேறு இடமில்லை, அவர் தயவு எனக்கும் வேண்டியிருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அவள் என்னோடு அவரிடம் வந்தாள். கையில் சாயக் கலயம் இருந்தது.

"உங்க நாய்க்கு என்னங்க தொந்தரவு?" என்று கேட்டாள்.

தொந்தரவு ஒன்றுமில்லை, பார்க்க அழகாக இருக்கும் என்றார் அவர்.

"அப்பிடீங்களா. எனக்குத் தெரிஞ்சது இந்தக் கறுப்பு ஒண்ணுதாங்க. மஞ்சளு செவப்பெல்லாம் துணிக்குப் போடறது. நாயி நக்கினா என்னாகும்னு எனக்குத் தெரியாதுங்க. பூசத்தான் வேணும்னா மொதல்ல உங்க கையில பூசி அஞ்சு நாளு பாக்கலாங்க. நானும் அப்பிடித்தான் பாத்தேன்."

சொல்லிவிட்டுக் கலயத்தை நீட்டினாள். காண்ட்ராக்டர் வெள்ளைச் சட்டைக் கையை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கேலி செய்யவில்லை, உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தாள்.

அவர் ஏதோ சொல்லிச் சமாளித்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போனார். அந்தப் பருவம் முழுக்க அவள் கொண்டுவந்த கூடையைக் கடைசியில்தான் எடுத்தார். பொழுது சாயும் வரை வெயிலில் நிற்கவைத்தார். அவள் புருஷன் பயந்த சுபாவம். இதெல்லாம் நமக்கு எதற்கு என்று வீட்டில் சலித்துக்கொண்டானாம். அவள் நின்றாள். நான் பார்த்த இரண்டு நாளும் கூடையை இறக்கிவைத்துவிட்டு அதன் நிழலில் நாயைப் படுக்கவைத்திருந்தாள்.

கல்யாண ஊர்வலத்தில் அந்த வெள்ளை நாய் வெள்ளையாகவே போயிற்று. நானே பார்த்தேன். யார் சொல்லி அவர் மனம் மாறினார், அல்லது மறந்துதான் போனாரா, எனக்குத் தெரியாது.

நாய்க்குச் சாயம் போட்ட அந்த மழைக்காலத்தில் சிறுத்தை ஊரில் இரண்டு ஆடுகளைப் பிடித்தது. கறுப்பு முதுகு நாய் பிழைத்துக்கிடந்தது. சாயத்தால்தான் பிழைத்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். சிறுத்தைக்கு மூக்கும் உண்டு, காதும் உண்டு. அவளும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. "என்னால முடிஞ்சத செஞ்சனுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். ஆனால் வெள்ளை நாய் வைத்திருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் அவளிடம் வந்து கேட்டார்கள். அவர்கள் முன்கையிலும் முதலில் பூசி, ஐந்து நாள் காத்திருக்கச் சொல்லிவிட்டுத்தான் நாய்களுக்குப் பூசிக்கொடுத்தாள்.

இரண்டு வருஷம் கழித்து என்னைப் பாலக்கோட்டுப் பக்கம் மாற்றினார்கள். கடைசியாக மலைக்குப் போனது சித்திரையில். நாய் முடி கொட்டி, முழுக்க வெள்ளையாகியிருந்தது. ஏன் திரும்பப் பூசவில்லை என்று கேட்டேன். மாசியில் பிடித்த காட்டுத் தீக்குப் பிறகு சிறுத்தை அடுத்த மலைக்குப் போய்விட்டது, இரண்டு மாதமாகக் கால் தடமே இல்லை என்றாள்.

"இப்ப எதுக்குங்க அதுக்கு அந்தத் தொல்ல?" என்று சொல்லிவிட்டு அதன் காதிலிருந்த உண்ணியைப் பிடுங்க உட்கார்ந்தாள். நாய் அவள் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கொடுத்த கேழ்வரகுக் கூழைக் குடித்து முடித்தேன்.