கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி

"இதுல இல்லாதது என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் வெர்னா பேனாவைத் தொடுவாள். கார் பழுது பார்த்த ரசீதானாலும் சரி, நாய்க்குட்டி வாங்கிய சீட்டானாலும் சரி. உள்ளதைப் படிப்பதெல்லாம் அப்புறம்தான்.

கென்டக்கியில் எங்கள் ஊர்ப் பள்ளிச் சமையலறையில் அவளுக்கு வேலை. கை சுத்தம், வாய் கொஞ்சம் காரம். வரிக்கணக்குக் காட்டும் ஏப்ரல் வந்தால் மட்டும் அந்த வாய் ஓய்ந்துவிடும். நகத்தைக் கடிப்பாள். கார் சாவியைத் தேடுவாள், அது கையிலேயே இருக்கும். வரிக்கணக்கு எழுதித் தருவது என் பிழைப்பு. வருஷா வருஷம் இந்தக் கூத்தைப் பார்க்கிறேன்.

சும்மா வந்த பயமில்லை. முதல் புருஷன் டுவைன் கூரை வேய்கிறவன். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து காட்டும் கூட்டு வரிக்கணக்கை அவன் நீட்ட, அதில் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். பாதி வருமானத்தை மறைத்திருந்தவன், விஷயம் வெளிவந்ததும் கம்பி நீட்டிவிட்டான். சேர்ந்து போட்ட கையெழுத்தாயிற்றே, வரிப் பாக்கியை இவள் சம்பளத்தில் பிடித்தார்கள். நினைத்தால் எனக்கே வயிறு எரியும்.

இப்போதைய கணவன் ரஸ்ஸல் குதிரைக்கு லாடம் அடிப்பவன், சொந்தத் தொழில். கல்யாணமானதிலிருந்து தனித்தனிக் கணக்குதான், அதனால் வரியும் கூடுதல். இந்த வருடம் சேர்ந்தே காட்டலாமென்று கெஞ்சி என்னிடம் அழைத்து வந்திருந்தான்.

"வரி கெடக்கட்டும் கண்ணு. உன் வீட்டுல வாடகைக்கு இருக்கறவன் மாதிரி இருக்கு எனக்கு. இன்னுமா என்னை நம்பல?"

"நம்பிக்கை வேற, கையெழுத்து வேற. இதுல இல்லாதது என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. மடியில கனமில்ல, வழியில பயமில்ல."

பேனா தாளைத் தொட்டது. "இரு, இரு!" என்றான் ரஸ்ஸல். முகம் வெளுத்துவிட்டது. "பெர்க்கின்ஸ் வீட்டுக் குதிரைங்களுக்கு லாடம் அடிச்சேன்ல? காசு தரல, அரைப் பன்னி தந்தான். அதையும் சொல்லணுமா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "கறியும் கூலிதான்" என்றேன். "அதுக்கும் வரி உண்டு."

"அடப்பாவி! கிறிஸ்மஸுக்கு நாமதானே தின்னோம்!"

"சத்தியமா இப்பத்தான் உறைச்சுது வெர்னா. உனக்குப் பயமா இருந்தா விட்டுடு. தனித்தனியாவே போட்டுக்கலாம்." தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

கறியின் விலையைச் சேர்த்து எழுதிய புதுக் கூட்டுக் கணக்கை அவள் முன் வைத்தேன். இடது கையால் ரஸ்ஸலின் சட்டைக் கையைப் பிடித்திழுத்து உட்கார வைத்தாள். பிடியை விடாமலே, வலது கையால் கையெழுத்துப் போட்டாள்.