கையை மட்டும் காட்டிய வீடியோ

என் சித்தி பல்லியைப் பார்த்தால் கட்டில் மேல் ஏறி நிற்பாள். தெருவில் போலீஸ் வண்டி வந்தால் போகிற வேலையை மறந்து பக்கத்துக் கடைக்குள் நுழைந்து, வாங்கப் போகாத சாமானுக்கு விலை கேட்பாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியவள், கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருவாள். வீட்டில் அவளுக்குப் பயந்தாங்கொள்ளி என்றே பெயர். அவள் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்த ஓர் அமைப்பில் இருக்கிறாள் என்று சொன்னால் உறவுக்காரர்கள் யாரும் நம்பமாட்டார்கள். நம்பக்கூடாது என்பதுதான் எங்கள் பிரார்த்தனையும்.

சித்திக்கு ஒரு பெரிய தையல் கம்பெனியில் காலர் வேலை. சட்டையின் உடம்பு ஒருத்தியிடமிருந்து வரும். சித்தி அதன் கழுத்தில் காலரைப் பொருத்தித் தைத்து அடுத்தவளிடம் தள்ளுவாள். அந்தச் சட்டைகள் கப்பலேறிப் போய் நாங்கள் பார்க்காத கடைகளில் தொங்கும்.

ஒரு வருடம் எல்லோரும் சேர்ந்து சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள். மேனேஜர் மைக் பிடித்து, இன்னொரு நாட்டில் இதைவிடக் குறைந்த கூலிக்குத் தைக்க ஆட்கள் காத்திருக்கிறார்கள், அடுத்த மாதமே ஆர்டர் அங்கே போய்விடும் என்றார். எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். சித்தி முதல் ஆளாக மூடியிருப்பாள். ஆனால் அன்று வீட்டுக்கு வந்ததும் தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"நம்மளை அவங்க பேரைச் சொல்லிப் பயமுறுத்தறாங்க. அவங்களை யார் பேரைச் சொல்லிப் பயமுறுத்துவாங்க?"

சித்தப்பா ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்பவர். எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார். "வேற யாரு? உன் பேரைத்தான். அங்க ஒரு காலர்காரி இருக்கா, ராட்சசி, பாதிக் கூலிக்குத் தைப்பான்னு சொல்லுவாங்க."

அவர் கேலியாகத்தான் சொன்னார். சித்திக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. "என்னை நினைச்சு ஒருத்தி பயப்படறாளாமே," என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். பயம் என்றால் என்ன என்று தெரிந்தவள். இன்னொருத்திக்கு அதைத் தன்னால் கொடுக்க முடியும் என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

அதே கம்பெனியில் முன்பு இஸ்திரிப் பிரிவில் இருந்த ஒரு பெண்மணியைத் தேடிப் போனாள். இஸ்திரியம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். உரக்கக் கேள்வி கேட்டதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். அதோடு விடவில்லை. சுற்றுவட்டாரத்தில் உள்ள எல்லாக் கம்பெனிகளின் வாட்ச்மேன் அறையிலும் அவருடைய போட்டோவை ஒட்டிவிட்டார்கள். இனி எந்த கேட்டுக்குள்ளும் அவர் நுழைய முடியாது. சைக்கிள் கடைக்கு மேலே ஒரு சின்ன அறையில் வீட்டுத் துணிகளைத் தேய்த்துப் பிழைத்தார். பல நாட்டுத் தையல் பெண்களைச் சேர்த்துவைக்கும் அமைப்போடு அவருக்குத் தொடர்பு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறையில், தேய்த்த துணி அடுக்குகளுக்கு நடுவே லேப்டாப்பை வைத்துப் பேசுவார்கள்.

என்னைக் கூட்டிப் போனது மொழிபெயர்க்க. பள்ளியிலிருந்தே நான் இரண்டு மொழியில் படித்தவள். அந்தப் பக்கம் ஒரு மாணவி அவர்கள் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்வாள். நான் அதை எங்கள் மொழிக்குக் கொண்டு வருவேன். வீட்டில் நான் வாயைத் திறப்பதே அபூர்வம். அங்கே மூச்சு விடாமல் பேசினேன், எல்லாம் மற்றவர்கள் வார்த்தைகள் என்பதால் கூச்சமில்லை.

முதல் நாள் திரையில் வந்த நாலைந்து பெண்களில் ஒருத்தியும் காலர் தைப்பவள். சித்தியைவிட இளையவள், நெற்றியில் கம்பெனித் தொப்பியின் அச்சு. சித்தி கேட்கச் சொன்ன முதல் கேள்வி அதுதான்: உங்களை யார் பேரைச் சொல்லி மிரட்டுகிறார்கள்?

அந்த இளையவள்தான் பதில் சொன்னாள். எங்கள் நாட்டின் பெயரைச் சொன்னாள்.

"ராட்சசி நான்தான்னு சொல்லு," என்றாள் சித்தி. சொன்னேன். இரண்டு மொழி தாண்டிப் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பெண் மேஜையில் தலை கவிழ்ந்து சிரித்தாள்.

அதிலிருந்து வளர்ந்ததுதான் மற்றதெல்லாம். இரு பக்கமும் சேர்ந்து ஒரு குறைந்தபட்சக் கூலியை முடிவு செய்தார்கள். அதற்குக் கீழே யார் கேட்டாலும் இரண்டு நாட்டிலும் தைப்பதில்லை என்று பேச்சு. பிறகு தங்களுக்கென்று சொந்தமாக ஒரு தையல் கூடம் தொடங்கும் யோசனை வந்தது. முதலாளி கிடையாது, தைப்பவர்களே பங்குதாரர்கள். மூன்றாவது நாடு ஒன்றில் வாடிக்கையாளர்கள் நடத்தும் கூட்டுறவுக் கடைகள் இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக வாங்கத் தயாராக இருந்தன. பல நாட்டு அமைப்புகள் கூடும் மாநாட்டில் அதைப் பேசி முடிக்க வேண்டும். அங்கே போட்டுக் காட்ட ஒரு வீடியோ கேட்டார்கள்.

முகத்தைக் காட்டினால் இஸ்திரியம்மா கதிதான். அதனால் இரண்டு நாட்டிலும் கைகளை மட்டும் எடுப்பது என்று முடிவானது. அறையில் ஒரு பழைய மெஷினைப் போட்டு சித்தி காலர் தைத்தாள். நான் போனைப் பிடித்தேன். வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிவைத்திருந்தாள். சுவரில் இருந்த காலண்டரைக்கூட எடுக்கச் சொன்னாள். "இதைப் பாத்துட்டு உன்னைக் கண்டுபிடிக்கணும்னா ஜோசியக்காரன்தான் வரணும்," என்றார் இஸ்திரியம்மா. எல்லோருக்கும் நிம்மதி.

மாநாட்டில் வீடியோவுக்கு நல்ல வரவேற்பு என்று செய்தி வந்தது. யாரோ அதை இணையத்தில் போட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தார்கள்.

அந்த வாரம் ஒருநாள் சித்தி வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

அவளுடைய லைனுக்கு ஒரு சூப்பர்வைசர் உண்டு. பெண்கள் வைத்த பெயர் கழுகு. அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காலர், கஃப், பட்டன் என்றுதான். அன்று சித்தி உள்ளங்கை வலியோடு தைத்துக்கொண்டிருந்தாள். பஞ்சுத் தூசிக்காக எல்லோரும் முகத்தில் துணி மாஸ்க், தலையில் தொப்பி. பின்னாலிருந்து கழுகின் குரல் கேட்டது.

"காலர், இடது கை ஏன் இன்னைக்குப் பின்தங்குது?"

"அவ்வளவுதான் சொன்னாரு," என்றாள் சித்தி. "நம்ம முகத்தை மறைச்சோமே... அந்த மனுஷன் என் முகத்தைப் பாத்ததே இல்லையே. இத்தனை வருஷமா பின்னாடி நின்னு என் கையைத்தானே பாக்கறாரு."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. காலரை வைத்ததும் சித்தி வலது கட்டைவிரலால் கழுத்து ஓரத்தை ஒருமுறை தடவுவாள். துணியைத் தள்ளும்போது இடது சுண்டுவிரல் தனியாக எழுந்து நிற்கும். அத்தனையும் வீடியோவில் இருந்தது. நான்தான் கிட்டத்தில் பிடித்திருந்தேன், அழகாக இருக்கிறதென்று.

வீடியோவை இணையத்திலிருந்து எடுக்கச் சொல்லி எழுதினோம். எடுத்தார்கள். ஆனால் அதற்குள் அது எங்கெங்கோ பரவியிருந்தது.

"வேலையை விட்டுடு," என்றார் சித்தப்பா. இம்முறை கேலி இல்லை.

"விட்டா நான்தான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. போட்டோ ஒட்டிடுவாங்க."

"அப்ப தைக்கற விதத்தை மாத்திக்கோ."

"நீங்க நடக்கற விதத்தை மாத்திக்குவீங்களா? மாத்தினா காலர் கோணிக்கும். கோணினா நேரா என்கிட்டதான் வந்து நிப்பாரு."

அதன்பிறகு எங்கள் வீட்டில் கதவு தட்டும் சத்தத்துக்கு யாரும் உடனே எழவில்லை. தெருமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றால் நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று அது போகும்வரை பார்ப்பேன். பீட்சா கொண்டுவந்தவனாக இருக்கும். இருந்தாலும் பார்ப்பேன்.

மேனேஜர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. சட்டை வாங்கும் கம்பெனியிலிருந்து யாரோ வீடியோவை அனுப்பி, இது உங்கள் ஆட்களா என்று கேட்டிருந்தார்கள். மேனேஜர் தன் போனைக் கழுகின் கையில் கொடுத்து லைன் ஓரமாக நடக்கச் சொன்னார். ஒவ்வொரு மெஷினுக்குப் பின்னாலும் நின்றார்கள். போனில் ஓடும் மெஷினின் சத்தம் கிட்டே வரவரக் கேட்டது என்றாள் சித்தி. அது அவளுடைய தையல் சத்தம்தான்.

அவளுக்குப் பின்னால் நின்றார்கள். சித்தி தைத்தாள். கட்டைவிரல் தானாக ஓரத்தைத் தடவியது. சுண்டுவிரல் எழுந்தது. நிறுத்த நினைத்தும் முடியவில்லை. கை அவள் பேச்சைக் கேட்கவில்லை.

"இதுல நம்ம லைன் யாரும் இல்ல சார்," என்றார் கழுகு. "இந்த மாதிரிக் காலரை நான் பாஸ் பண்ணவே மாட்டேன்."

மேனேஜர் போய்விட்டார். சாயங்காலம் கேட்டுக்குப் போகும் கூட்டத்தில் கழுகு சித்தியைக் கடந்து போனார். திரும்பிப் பார்க்காமல், "கிளவுஸ் போட்டுக்கிட்டிருக்கலாம்," என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் சித்தப்பாவுக்கு உயிர் வந்தது. "நல்ல மனுஷன்யா!"

"நல்ல மனுஷனா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் சித்தி. "இன்னைக்கு வாயை மூடினாரு. நாளைக்கு மேனேஜரோட சண்டை வந்தா? இல்ல என்கிட்ட எதையாவது கேட்டா? நேத்து வரைக்கும் தெரிஞ்சிருக்குமோன்னு பயம். இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு."

ஞாயிற்றுக்கிழமை அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். எனக்கு முன்பே செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். "அந்தப் பொண்ணும் கையைக் காட்டியிருக்காளே. அவ சூப்பர்வைசரும் பின்னாடிதானே நிப்பாரு. யாராவது சொன்னாங்களா அவகிட்ட?"

யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் மொழிபெயர்க்க, அந்த மாணவி மொழிபெயர்க்க, அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு மேஜை மேலிருந்த தன் இரண்டு கைகளையும் மெதுவாகக் கீழே எடுத்துக்கொண்டாள். அவர்கள் கம்பெனியில் இன்னும் யாரும் தேடி வரவில்லை. ஆனால் திங்கட்கிழமை மேலிடத்து ஆட்கள் வருகிறார்கள் என்று அறிவிப்பு போட்டிருக்கிறார்களாம்.

"காலர்ல உட்காரவே கூடாது," என்றாள் சித்தி. "மணிக்கட்டு சுளுக்குன்னு சொல்லு. பட்டன் மெஷினுக்கு மாத்திக் கேளு. அங்க கைக்குப் பெரிய வேலை இல்ல. பேண்டேஜ் சுத்திக்கோ, விரல் வரைக்கும் சுத்தணும். பட்டன்காரியை முதல்லயே பேசி வச்சுக்கோ."

பயந்தாங்கொள்ளிக்குத்தான் இத்தனையும் தோன்றும். அந்தப் பெண் தலையாட்டினாள். அழுகிறாளா என்று திரையில் சரியாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை மாலை சித்தி வந்ததும் என் போனைக் கேட்டாள். அந்த ஊரில் வேலை எங்களுக்கு முன்பே முடிந்துவிடும். போனை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா ஏதோ கேட்டார், காதில் வாங்கவில்லை. இருட்ட ஆரம்பித்தபோது ஒரு குரல் செய்தி வந்தது. அவசரத்தில் மாணவி இல்லாமல் அந்தப் பெண்ணே தன் மொழியில் பேசி அனுப்பியிருந்தாள். எனக்கு ஒரு வார்த்தை தெரியவில்லை. சித்தி போனைக் காதோடு வைத்து மறுபடி மறுபடி கேட்டாள்.

"மூச்சு வாங்குது," என்றாள். "ஆனா ஓடற மூச்சு இல்ல."

கொஞ்ச நேரத்தில் மாணவியின் எழுத்து வந்தது. படித்துச் சொன்னேன். பட்டனில் உட்கார்ந்தாளாம். வந்தார்களாம், காலர் வரிசையில் நெடுநேரம் நின்றார்களாம், போய்விட்டார்களாம். போனபிறகு கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தாளாம். வெட்கமாக இருக்கிறதாம். உங்கள் சித்தி எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தாள்.

சித்தி சித்தப்பா இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வெள்ளிக்கிழமை நானும் வாந்திதான்னு எழுது. ஞாயித்துக்கிழமை வர்றேன்னும் போடு."