காயிபைக் காணோம்

வலது செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை நடைபாதையில் ஊன்றி அபூ காயிப் எண்ணிக்கொண்டிருக்கிறார். "ஆறு... ஏழு..." எட்டில் முகம் கோணுகிறது. ஒன்பதில் காலைத் தூக்கிவிடுகிறார். "இன்னும் ஆகல. அதுங்க பாதம் வெந்துரும்." கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டை மறுபடி ஐஸ் பாளங்களுக்கு நடுவில் செருகிவிட்டு, பக்கத்திலிருக்கும் என் கடைக்கு வந்து டீ கேட்கிறார். எதிரே, ஓடாத பேருந்தின் நிழலில் மூன்று நாய்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவருடைய வலது காலையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. அந்தக் கால் பத்து வரைக்கும் தாங்கினால்தான் பந்தி என்பது அவற்றுக்கு மனப்பாடம்.

பஸ்ராவில் ஆகஸ்ட் மாதத்துக்குப் பேரீச்சையை வேகவைக்கிற மாதம் என்று பெயர். பேரீச்சையோடு எங்களையும் சேர்த்துத்தான் வேகவைக்கிறது. இந்த ஒரு மாதத்தில் எங்கள் தெருவில் ராஜா யாரென்றால் ஐஸ் கடை அபூ காயிப்தான். ஆள் குட்டை, தொப்பை முன்னால் போகும், மீசை பின்னால் வரும். கையில் எப்போதும் ஈர ரம்பம். பாளத்தை அறுத்துக் கொடுக்கும்போது விழுகிற தூளைக்கூட வீணாக்க மாட்டார். வாரி எடுத்துப்போய்த் தெருவில் வைத்திருக்கும் தண்ணீர்ச் சட்டிகளில் போட்டுவிடுவார். சட்டிகள் மொத்தம் ஒன்பது. வெயில் நகர நகர அவற்றை நிழலுக்கு நிழல் நகர்த்துவதற்காகக் கடையை அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுவார். ஐஸ் வாங்க வந்தவர்கள் என்னிடம் நின்று புலம்புவார்கள். நான் என்ன செய்ய, அவர்களுக்கு டீ விற்பேன்.

சாப்பாட்டு விஷயத்தில் மனிதர் ஒரு மருத்துவமனையே நடத்துகிறார். விடிவதற்கு முன் ஒரு வேளை, வெயில் சாய்ந்தபின் ஒரு வேளை. நடுப்பகலில் எந்த வாலும் எவ்வளவு குழைந்தாலும் கிடையாது. "உனக்கே மத்தியானம் சோறு இறங்குதா? அப்புறம் அதுக்கு மட்டும் எப்படி இறங்கும்?" என்று என்னிடம் சண்டைக்கு வருவார். எனக்கு நன்றாகவே இறங்கும், அது வேறு கதை. கோழிக் கழுத்தை நிறையத் தண்ணீர் விட்டு வேகவைப்பார். எலும்பை எடுத்துவிடுவார், உப்பு போடமாட்டார், வெங்காயத்தை அந்தச் சட்டி இருக்கும் பக்கமே விடமாட்டார். பிறகு ஒரு கரண்டி எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, தானே குடித்துப் பார்ப்பார். "நல்லாருக்கா?" என்று கேட்டால், "கேவலமா இருக்கு. அப்போ சரியா இருக்குன்னு அர்த்தம்" என்பார். கால் மணி நேரத்தில் தின்று முடிக்காததைத் தூக்கிவிடுவார், இந்த வெயிலில் அதற்குள் புளித்துவிடுமாம். அந்த மூன்று நாய்களும் இப்போது கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி அவசர அவசரமாகச் சாப்பிடுகின்றன.

போன வருஷம் பூனைகளுக்கென்று மீன் தலை போட்ட சாற்றை ஐஸாக உறையவைத்தார். அந்தப் பாளம் தவறிப்போய் எங்கள் தெரு உம்மு ஸஜ்ஜாத் வீட்டு விருந்துக்குப் போய்விட்டது. தண்ணீர்த் தொட்டியில் ஐஸ் கரையக் கரைய, சம்பந்தி வீட்டார் முன்னால் ஒரு மீன் தலை மெல்ல எட்டிப் பார்த்திருக்கிறது. உம்மு ஸஜ்ஜாத் அதைத் தட்டில் ஏந்திக்கொண்டு கடைக்கே வந்தாள். இவர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க வேண்டுமே? தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, உப்பு போடல இல்ல?" என்று கேட்டார்.

பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய சொந்தப் பெயர் கலஃப். எங்கள் ஊரில் ஆண் என்றால் மூத்த பிள்ளையின் பெயரை வைத்து இன்னாருடைய அபூ, இன்னாருடைய தகப்பன், என்றுதான் கூப்பிடுவோம். நான் ஷாகிரின் தகப்பன், அபூ ஷாகிர். பிள்ளை இல்லாதவரை வெறும் பெயரால் கூப்பிட மனசு வராது. அதனால் அவர் அபூ காயிப், இன்னும் வராதவனின் தகப்பன். அவர் மனைவி சுந்துஸ் உம்மு காயிப், வராதவனின் தாய். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக அந்த வராதவன் வரவில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன் மீன் சந்தைப் பக்கமிருந்து பாதிக் காது போன மஞ்சள் பூனைக்குட்டி ஒன்று வந்து ஐஸ் சாக்கின் மேல் படுத்துக்கொண்டது. அதற்கு அவர் காயிப் என்று பெயர் வைத்தார். கடையில் மட்டும்தான் அந்தப் பெயர், அதுவும் மெதுவான குரலில். "வீட்டுல சொல்லிராதே, அபூ ஷாகிர். அந்தப் பேரு எங்க ரெண்டு பேருக்கும் பொது. அவள கேக்காம நானா எடுத்துக் குடுத்துட்டேன்" என்றார். கேலி செய்ய வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். எனக்கு அது அபூர்வம்.

இந்த ஆகஸ்டில் காயிப் சாப்பாட்டை நிறுத்திவிட்டான். வெயில்தான் காரணம். நாலு நாளாகத் தண்ணீரை மட்டும் நக்கிவிட்டுத் தட்டுக்கு முதுகைக் காட்டிப் படுத்தான். அபூ காயிப் அவன் முன்னால் மண்டியிட்டுக் கெஞ்சினார். "ஒரே ஒரு வாய், என் கண்ணுல்ல? பாரு, நான் சாப்பிடுறேன் பாரு." சாப்பிட்டும் காட்டினார். ஐந்தாம் நாள் மதியம் காயிபைக் காணவே இல்லை. ஐம்பது டிகிரி வெயிலில் வயிறு காய்ந்த பூனை எத்தனை மணி நேரம் தாங்கும் என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது, டீ அடுப்பை அணைத்தேன்.

நேரே பள்ளிவாசலுக்குப் போனார். கூடவே நானும் ஓடினேன். பாங்கு சொல்லும் மோதினார் ஊருக்குப் புதியவர், போன மாதம்தான் வந்திருந்தார்.

"என் காயிபைக் காணோம்" என்றார் இவர், மூச்சு வாங்க.

"எத்தனை வயசு?"

"அஞ்சு."

"அடையாளம்?"

"இடது காது பாதிதான் இருக்கும். ஆளு மஞ்சள்."

"யா அல்லாஹ்" என்று மோதினார் ஏதோ எழுதிக்கொண்டார். "சாப்பாடெல்லாம்?"

"நாலு நாளா தொடவே இல்ல."

பூனை என்ற சொல் இவர் வாயில் வரவே இல்லை. வேண்டுமென்று மறைக்கவில்லை. நம் பிள்ளை தொலைந்தால் மனிதப் பிள்ளை என்று சொல்லியா தேடுவோம்? நானாவது சொல்லியிருக்கலாம். இவர் அழுதுவிடுவாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கும் தோன்றவில்லை.

மாலை அஸர் தொழுகை முடிந்ததும் ஒலிபெருக்கி கரகரத்தது. "ஐஸ் கடை அபூ காயிபின் அருமை மகன் காயிப், வயது ஐந்து, கடுமையான மஞ்சள் காமாலை, காதில் காயம், நாலு நாளாகப் பட்டினி, இன்று மதியம் முதல் காணவில்லை. பார்த்தவர்கள் தகப்பனிடம் ஒப்படைக்கவும்."

தெருவே கதவைத் திறந்தது. பெண்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு அபூ காயிப் வீட்டுக்கு ஓடினார்கள். உம்மு ஸஜ்ஜாத் வெங்காயம் மிதக்கும் கோழிக் குழம்போடு முதல் ஆளாகப் போனாள், என் மனைவி அவளுக்குப் பின்னால். குழந்தைக்குக் கொடுக்கத்தான் என்று சொல்லிக்கொண்டார்கள். இருபத்திரண்டு வருஷம் கழித்து ஐந்து வயதுப் பிள்ளை எங்கிருந்து முளைத்தது என்று பார்க்கத்தான் போனார்கள் என்பது எனக்குத் தெரியாதா?

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மின்சாரம் இல்லை. முற்றத்தில் பெண்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சுந்துஸ், கையில் ஈச்ச ஓலை விசிறி. அதை அவள் வீசிக்கொண்ட வேகத்தில் எங்களுக்கே காற்று வந்தது.

"யாருய்யா அவ?"

"எவ?"

"காயிபோட ஆத்தா."

"அவளா?" அபூ காயிபின் நினைப்பெல்லாம் பூனை மேல். "மீன் சந்தைக்குப் பின்னாடி இருந்தா. செத்துப்போயிட்டா, பாவம். மூணு பெத்தா, இவன் ஒருத்தன்தான் தங்குனான்."

ஒருத்தி மார்பில் கைவைத்துக்கொண்டாள். விசிறி நின்றுவிட்டது.

"மூணா?"

"அவளுக்கும் நான்தான் சோறு போட்டேன். நல்லவ. வாலு மட்டும் கொஞ்சம் வளைஞ்சிருக்கும்."

வால் என்றதும் என் மனைவி முக்காட்டு நுனியை வாயில் அடைத்துக்கொண்டாள். உம்மு ஸஜ்ஜாத் குலுங்கியதில் குழம்பு சிந்தியது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. கடைசியாகப் புரிந்தது அபூ காயிபுக்கு. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

சுந்துஸும் சிரிக்கவில்லை. "பூனைக்கா அந்தப் பேர வச்சீங்க?"

"அஞ்சு வருஷமாச்சு" என்றார் அவர். "யாரையாவது அப்படிக் கூப்பிடணும்னு இருந்துச்சு. உன்ன கேட்டிருக்கணும்."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மத்தியானத்துலேர்ந்து தண்ணி ஜாடிக்குப் பின்னாடி ஒரு மஞ்சப் பூனை படுத்திருக்கு" என்றாள் சுந்துஸ். "விரட்ட மனசு வரல. அதுவா?"

முற்றத்து மூலையில் பெரிய மண்ஜாடி. அதிலிருந்து தண்ணீர் கசிந்து கசிந்து அடியில் மணல் எப்போதும் ஈரமாக இருக்கும். அந்த வீட்டிலேயே குளிர்ந்த இடம் அதுதான். பாய்ந்து போகப் பார்த்தவரைச் சுந்துஸ் விசிறியால் மறித்தாள். உம்மு ஸஜ்ஜாதின் குழம்பிலிருந்து ஒரு கோழித் துண்டை எடுத்து, ஒட்டியிருந்த வெங்காயத்தை விரலால் ஒவ்வொன்றாக வழித்துப் போட்டாள். துண்டை ஜாடித் தண்ணீரில் மூன்று தரம் கழுவி, நாக்கின் நுனியில் வைத்து உப்பு பார்த்தாள். எலும்பை உருவிவிட்டு, நார் நாராகப் பிய்த்து ஈர மணல் ஓரத்தில் வைத்தாள்.

"காயிப்" என்றாள். அவள் குரல் சரியாக எழும்பவில்லை. இன்னொரு தரம், "வாடா கண்ணு, சாப்பிடு" என்றாள்.

ஜாடிக்குப் பின்னாலிருந்து முதலில் பாதிக் காது வந்தது, அப்புறம் மற்றதெல்லாம். முகர்ந்தான். ஒரு நாரை எடுத்தான், பிறகு இன்னொன்று. பல்லில் கோழி நார் அறுபடும் சத்தம்கூட எங்களுக்குக் கேட்டது. அபூ காயிப் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சுந்துஸ் அவர் பக்கம் திரும்பவில்லை. முக்காட்டால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஜாடியோரம் குந்தி, விசிறியைக் காயிப் பக்கம் திருப்பி, மெதுவாக வீச ஆரம்பித்தாள்.