தார்ப்பாய் மேல் படுத்தவள்

என் கோபத்துக்குப் பயந்து வீட்டுப் பக்கம் யாரும் அவ்வளவாக வருவதில்லை. கதை எழுதக் கற்றுக்கொள்ள பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பெண் மட்டும் ஞாயிறு தவறாமல் மரக்காணத்திலிருந்து பஸ் ஏறி கீழ்புத்துப்பட்டுக்கு வந்துவிடுவாள். அவள் அம்மாவுக்கு உப்பளத்தில் கூலி வேலை. அவள் எழுதுகிற கதைகளைச் சிவப்புப் பேனாவால் கிழிகிழியென்று கிழிப்பேன். "போ, திரும்ப எழுது" என்பேன். அழ மாட்டாள். சரியான அழுத்தக்காரி.

ஒரு நாள் கொண்டுவந்த கதையில் என்னால் கை வைக்க முடியவில்லை. திடீர் மழை. உப்புக் குவியலை மூடிய தார்ப்பாயைக் காற்று தூக்குகிறது. எல்லாரும் கொட்டகைக்கு ஓட, அம்மா மட்டும் தார்ப்பாய் மேல் குப்புறப் படுத்துக்கொள்கிறாள். "சுமார்தான்" என்று திருப்பிக் கொடுத்தேன். வயிறு எரிந்தது எனக்கு.

அந்த வாரம் ஒரு பத்திரிகையின் ஆண்டு மலருக்கு நான் கதை கொடுத்தாக வேண்டும். ஒரு வரி ஓடவில்லை. கடைசியில் அந்தத் தார்ப்பாய்க்காரியைத் தூக்கி என் கதையில் போட்டுக்கொண்டேன். திருட்டுதான், வேறென்ன? மலரெல்லாம் இவள் எங்கே பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

மலர் வந்த பிறகு இரண்டு ஞாயிறு அவள் வரவில்லை.

அப்புறம் மரக்காணத்தில் மாணவர்களுக்குக் கதைப் போட்டி; சொந்தக் கதையை மேடையில் வாசிக்க வேண்டும். ஜெயித்தால் சென்னைப் போட்டிக்குப் போகலாம். என்னை விருந்தினராக முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அழுத்தக்காரி, அதே கதையோடுதான் மேடை ஏறினாள். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்த அவள் அம்மா கடைசி வரிசையில்.

மழை வருகிற இடத்தில் நடுவர் கையைத் தூக்கினார்.

"நிறுத்தும்மா. இது சாரோட கதை, மலர்ல படிச்சிருக்கேன். காப்பி அடிச்சிட்டு அவர் எதிர்லயே படிக்கிறியே, வெக்கமா இல்ல?"

மண்டபமே சிரித்தது. அவள் என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நான் இல்லையென்று சாதித்திருப்பேன்; என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

பின்னாலிருந்து அவள் அம்மா எழுந்தாள். "ஐயா, தார்ப்பாய் மேல படுத்தது நான்தானுங்க."

சிரிப்பு இன்னும் கூடியது.

ஐயோ, அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன்.

"கதை அவளோடதுதான். நான்தான் திருடினேன்."

அவள் தாளைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்:

"உக்காருங்க சார். இன்னும் ரெண்டு பக்கம் இருக்குது."