மழை விட்டால் எழுப்பு

என் கணவருக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். கொஞ்ச நாளைக்குத் தூசியும் ஆகாது, போனும் ஆகாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அக்கரைப்பற்றில் இருக்கும் எங்கள் விதைநெல் கடையை அவருடைய தம்பி பார்த்துக்கொண்டார். கறுப்புக் கண்ணாடியோடு கல்முனைக்குடி வீட்டில் இருந்தவருக்குப் பொழுது போகவில்லை. குசினிக்குள் வந்து, கறிக்கு உப்புப் போட்டாயா என்று கேட்கத் தொடங்கினார்.

நான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நாவல் வாசிக்கிறவள். அவர் பத்திரிகையோடு சரி.

"ஒரு கதை வாசிக்கிறன், கேக்கிறீங்களா?" என்றேன்.

"ஓம், வாசி புள்ள. சும்மாதானே இரிக்கன்."

எனக்கு மிகவும் பிடித்த நாவலை எடுத்தேன். தொடக்கமே மழைதான். ஒரு வசனம் முக்கால் பக்கம் போகும். கூரையிலிருந்து முற்றத்துக்கு இறங்கி, கிணற்றடியைச் சுற்றி, எப்போதோ இறந்துபோன ஒருவரின் நினைவுக்குள் போய் அங்கேயே நின்றுவிடும். மனதுக்குள் வாசித்த காலத்தில் அதில் மிதந்துகொண்டு போயிருக்கிறேன். சத்தமாக வாசித்தபோது பாதியிலேயே மூச்சு முட்டியது. எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் பிழையான இடங்களில் நிறுத்தினேன்.

"மறுகா என்ன நடந்த?" என்று கேட்டார்.

"இன்னும் மழைதான் பெய்யிது."

"அப்ப மழை விட்டா எழுப்பு." சாய்மனைக் கதிரையில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நாள் வேண்டுமென்றே வேறு மாதிரி எழுதுகிற ஒருவருடைய நாவலை எடுத்தேன். எல்லாம் சின்னச் சின்ன வசனங்கள். ஒருவன் வருவான். இருப்பான். ஒன்றும் பேசாமல் போய்விடுவான். என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அஸருக்குப் பாங்கு சொன்னபோது, "அந்தப் பக்கத்த முடி, தொழப் போவம்" என்றார். சில நாட்களிலேயே முடித்துவிட்டோம்.

கடைசியில் அந்தக் கதையில் வரும் தாய் இறந்துபோகிறாள். ஒரே வரி. அதற்கடுத்த வரியில் பஸ் புறப்பட்டுவிடும்.

"மௌத்தான பொம்புளைக்கு ஒரு வரிதானா? இவர் என்ன அவசரத்தில போறார்?"

"அவர்ட எழுத்து அப்பிடித்தான். அழுறத நமக்கு விட்டிருக்கார்."

"அழுறதுக்கு நேரம் தரல்லியே" என்றார். பிறகு அவராகவே சொன்னார்: "அந்த மழைக்காரர் இப்பிடி விட்டிட்டுப் போயிரிக்க மாட்டார். அதக் கொண்டு வா."

இந்த முறை நான் சோறு வேகும் நேரத்தில் குசினியில் நின்று ஒருதரம் வாய்விட்டு வாசித்துப் பார்த்துக்கொண்டேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. அந்த நீண்ட வசனங்களுக்குள் குரல் இளைப்பாற இடம் விட்டுத்தான் எழுதியிருந்தார். அவசரப்பட்டு ஓடியவள் நான்தான். இத்தனை வருடமாக அந்த நாவலைக் கண்ணால் மட்டும் வாசித்திருக்கிறேன். அன்றைக்கு மெதுவாக வாசித்தேன். அவர் தூங்கவில்லை. "கிணத்தடி வாற இடத்த இன்னொருக்கா வாசி" என்று கேட்டார்.

புத்தகம் முடிய முன்பே கண் குணமாகிவிட்டது. டொக்டர் சரி என்றதும் கடைக்குப் போகத் தொடங்கினார். முதல் நாளே அந்த நாவலையும் பையில் வைத்துக்கொண்டு போனார். மதியம் போன் எடுத்தார்.

"ரெண்டு பக்கம் வாசிச்சன், புள்ள."

"எப்பிடி இரிக்கி?"

"நல்லாத்தான் இரிக்கி. ஆனா நான் வாசிக்கக்குள்ள உன்ட சத்தம்தான் கேக்குது."

பின்னேரம் நேரத்தோடு வரச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

போன கிழமை இருவரும் நூலகத்துக்குப் போனோம். அட்டையையோ பின்பக்கத்துக் கதைச்சுருக்கத்தையோ அவர் பார்க்கவில்லை. ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் பக்கத்தை நின்றபடியே உதடசைத்து வாசித்தார். நாலைந்தைத் திரும்ப வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் என்னிடம் நீட்டினார்.

"இவர் அவசரப்படாம ஆறுதலாக் கதைக்கிறார். இத எடுப்பம்."

நானும் முதல் பக்கத்தை வாசித்துப் பார்த்தேன். எனக்கு அந்த நடை பிடிக்கவில்லை. அவருக்காக எடுத்துக்கொண்டு வந்தோம். இப்போது பாதியில் இருக்கிறோம். எனக்கும் கொஞ்சம் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது.