பக்கத்தில் விட்ட இடம்

கையெழுத்துப் போடும்போதெல்லாம் அந்த அக்கா கோட்டின் வலது ஓரத்துக்குப் போய்விடுவாள். இடது பக்கம் கொஞ்சம் இடம் சும்மா கிடக்கும். பேனாவை மூடியபின் அந்த இடத்தை ஒருமுறை விரலால் நீவிவிடுவாள், துணியில் சுருக்கம் எடுப்பதுபோல. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுவதுதான் அவள் வேலை.

சண்டைக்குத் தப்பி எல்லை தாண்டி வந்தவள். மூன்று வங்கிகள் பாஸ்போர்ட் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டன. கூட்டுறவுச் சங்கத்தில் மட்டும் அகதி அட்டை போதும் என்றார்கள். கூடவே, ‘இவரை எனக்குத் தெரியும்’ என்று பழைய உறுப்பினர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். ஆஸ்பத்திரிச் சமையல்காரர் போட்டுக்கொடுத்தார்.

கணக்குப் புத்தகம் கைக்கு வந்த அன்றே கவுன்ட்டர் எழுத்தரிடம் ஆரம்பித்தாள்.

“தம்பி, இதுல எங்க வீட்டுக்காரரையும் சேர்த்துடுங்க.”

“அவர் நேர்ல வரணுமே அக்கா.”

“வழியில பிரிஞ்சுட்டோம். வருவாரு. வந்தா அவரைத் தெரியும்னு இங்க யார் சொல்லுவா? பேர் இருந்தா எடுத்துக் காட்டலாம்ல?”

உள்ளிருந்து செயலாளர் குரல் கொடுத்தார். “ஆள் இல்லாம கூட்டுக் கணக்கு கிடையாதும்மா. வேணும்னா வாரிசுன்னு போட்டுக்க.”

“வாரிசுன்னா நான் செத்தப்புறம்தானே? அவரு உயிரோட வர்றதுக்குக் கேட்டா, நீங்க என்னை அனுப்பி வைக்கப் பாக்கறீங்களே சார்!”

செயலாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

அவள் உறுப்பினர் எண் நானூற்றுப் பதினேழு. அடுத்து வந்த லாரி டிரைவருக்கு எழுத்தர் நானூற்றுப் பத்தொன்பதைக் கொடுத்தார். நடுவில் பதினெட்டு எங்கே என்று தணிக்கைக்காரர் கேட்டதற்கு, “கை தவறிடுச்சு சார்” என்று தலையைச் சொறிந்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அதன்பின் மாதாமாதம் பதிவேட்டைத் திறந்து காட்டச் சொல்வாள்.

“இன்னும் காலியாத்தானே இருக்கு?”

“உங்க ஆளுக்குத் துண்டு போட்டு வச்சிருக்கேன் அக்கா.”

“வேற யாரும் உக்காந்துடாம பாத்துக்குங்க.”

நாலு வருஷம் இதே பேச்சு. பிறகு தூரத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு வேலை மாறிப் போனாள். கணக்கை மூடவில்லை.

ஒருநாள் பணம் எடுக்க வந்த சமையல்காரரிடம் எழுத்தர் பதிவேட்டின் அந்தக் காலி வரியைக் காட்டினார்.

“இவ்வளவு நீள இடம் எதுக்கு?” என்றார் சமையல்காரர். “அந்த மனுஷனுக்கு எழுதவே தெரியாதாம்ப்பா. எங்க போனாலும் முதல்ல அவரு கட்டைவிரலை வைப்பாராம். அப்புறம்தான் பக்கத்துல அவ எழுதுவாளாம்.”